எழுத்தமைப்பும் பொருளமைப்பும்

வைரவிழா மலருக்கு ஏதேனும் எழுதித் தரல் வேண்டும் என்று மலர்க்குழுவினர் கேட்டபொழுது, பழைய நினைவுகளை எழுதுவதா, படிப்பிக்கும் பாடத்தைப்பற்றி எழுதுவதா என்று சில நாள் தயங்கினேன். ஈற்றில் இரண்டும் ஒன்றாகவே வந்து வாய்த்தன. நமது கல்லூரியின் பொன்விழா மலரைக் கணினியிற் கோத்துக் கொடுத்தவன் யான். அதன் மின்படிவத்தை இணையத்தில் ஏற்றியவனும் யானே. அப்பணியில் யான் இழைத்த பிழைகள் பல. அவற்றை ஒவ்வொன்றாக எனக்கு எடுத்துக்காட்டியவர், கண்ணொளி இழந்த என் வகுப்புத் தோழர் ஒருவர். அவர்பாற் கற்றதையே ஈண்டு எழுதுகின்றேன். மாணவர் இதனைத் தகவல் தொழினுட்பப் பாடமாகக் கொள்க. பழைய மாணவர் ஒரு குற்றவொப்புதலாகக் கொள்க.

நண்பர் உடப்பைச் சேர்ந்தவர். கரைவலை இழுப்போரின் அம்பாப் பாடலைக் கேட்டு வளர்ந்தவர். வகுப்பில் அவருடைய கையெழுத்தே அழகானது. கரும்பலகையில் நாட்பொறுப்பை எழுதும் வேலை எந்நாளும் அவருக்குத்தான். பின்னர் அரசாங்க எழுதுவினைஞராகப் பணியாற்றினார். நீரிழிவு நோய் அவருடைய கண்களைச் சிறிது சிறிதாக வாங்கிக்கொண்டது. ஓய்வுபெறும் வேளையில் வெளிச்சம் எப்பக்கம் என்பது மட்டுமே தெரிந்தது. இப்பொழுது அதுவும் இல்லை. பேரன் அவருடைய கணினியில் 'என்.வி.டி.ஏ.' என்னும் திரைவாசிப்பானை நிறுவிக் கொடுத்தான். அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கல் கறன், ஜேம்ஸ் ரே என்னும் இருவர், தாமும் பார்வையற்றவர், 2006ஆம் ஆண்டிலே தொடங்கிய மென்பொருள் அது. விலையின்றிக் கிடைப்பது, தமிழையும் வாசிப்பது. அதன் குரல் மனிதக் குரல் போன்றதன்று. தகரத்திற் பேசுவது போன்றது. ஆயினும் ஒரு கிழமைக்குள் செவி பழகிவிடும் என்பார் நண்பர்.

அவர் அந்தக் குரலைக்கொண்டு முதன்முதல் தேடியது நமது பொன்விழா மலரை. அதிலே நமது கணித ஆசிரியருக்கு எழுதப்பெற்ற நினைவுக் கட்டுரை ஒன்று உண்டு. அதனைக் கேட்கவேண்டும் என்பது அவருடைய ஆவல். கணினியோ தமிழும் அல்லாத, ஆங்கிலமும் அல்லாத ஒலிக்கூட்டம் ஒன்றைக் கொட்டியது. 'இது என்ன பாசை மச்சான்?' என்று தொலைபேசியில் என்னைக் கேட்டார்.

அது பாமினி எழுத்துருவின் பாசை. ஈழத்துத் தமிழ் அச்சகங்களிலே பாமினியை அறியாதார் இலர். அதன் சூழ்ச்சி எளிது. கணினியின் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. அதன்மேற் போர்த்த உருவம் மாத்திரமே தமிழ். 'தமிழ்' என்று நாம் திரையிற் காணும் சொல்லுக்குள்ளே ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்னும் ஐந்து குறிகளே உள்ளன. கண்ணுடையார்க்குப் போர்வை தெரிகின்றது. திரைவாசிப்பானுக்கு உள்ளே இருப்பது தெரிகின்றது. அது தன் கடமையைச் சரியாகவே செய்தது. பொய் சொன்னது யான் கோத்த பக்கம். 1991ஆம் ஆண்டில் வெளிவந்த முதற் பதிப்பிலேயே ஒருங்குறித் தரம் தமிழ் எழுத்துகளுக்கெனத் தனியிடம் ஒதுக்கியிருந்தது. அவ்விடத்திலுள்ள 'த' உலகின் எந்தக் கணினியிலும் 'த' என்றே அறியப்படும். பொன்விழாக் காலத்திலே அதனை யான் அறியாதவன் அல்லேன். பாமினி கைக்குப் பழகியிருந்தது, அச்சுத்தாளில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும், அவ்வளவுதான் காரணம்.

மலர் முழுவதையும் ஒருங்குறிக்கு மாற்றினேன். மாற்றித்தரும் கருவிகள் இருப்பதால் அது பெரும்பாடன்று. ஆங்காங்கே கொம்பும் காலும் இடம்மாறிக் கிடந்தவற்றைத் திருத்த இரண்டு கிழமை சென்றது. இனிக் குறையொன்றும் இல்லை என்று எண்ணினேன். மறுநாள் நண்பர் பேசினார். 'இப்ப தமிழ் கேட்குது. ஆனால் மாஸ்ரருடைய கட்டுரை எங்கே தொடங்குகிறது?' அதிபர் அறிக்கையிலிருந்து தொடங்கி, வாழ்த்துச் செய்திகள் அனைத்தையும் கடந்து, நாற்பது நிமிடம் கேட்டும் அவர் அந்தக் கட்டுரையைச் சென்றடையவில்லை. எங்கே ஒரு கட்டுரை முடிந்தது, எங்கே மற்றொன்று பிறந்தது என்பதற்கு அவருக்கு எவ்வடையாளமும் கிடைக்கவில்லை. யான் தலைப்புகளைப் பெரிய எழுத்திலும் தடித்த எழுத்திலும் அமைத்திருந்தேன். பெரிது, தடிப்பு என்பன கண்ணுக்குரிய செய்திகள். செவிக்கு அவை எட்டுமா?

இவ்விடத்தில் நம் முன்னோர் எழுத்து வரலாற்றைச் சிறிது நோக்குதல் நன்று. ஓலைச்சுவடியிலே சொற்களுக்கிடையே வெளியில்லை, பத்தி பிரிப்பதில்லை, மெய்யெழுத்தின் புள்ளியைக்கூடப் பெரும்பாலும் இடுவதில்லை. குறில் நெடில் வேறுபாடும் எகர ஒகரங்களில் மயங்கிக் கிடந்தது. அம்மயக்கத்தைத் தெளிவித்த சிறப்பு வீரமாமுனிவருக்குரியதென்பர். இத்தகைய சுவடியைப் படிக்க வல்லார், முன்னரே அந்நூலை ஆசிரியரிடத்துப் பாடங் கேட்டவரே. அறிந்தவருக்கு நினைவூட்டும் கருவியாகச் சுவடி அமைந்ததேயன்றி, அறியாதவருக்கு வழிகாட்டும் கருவியாக அமையவில்லை. அச்சியந்திரம் வந்த பின்னரும் தொடக்ககால நூல்கள் பல ஓலையையே தாளிற் பெயர்த்தாற்போல இருந்தன. நல்லூர் ஆறுமுக நாவலர் (1822–1879) தமிழ் உரைநடையில் நிறுத்தக் குறிகளைப் புகுத்தியவர் எனப் போற்றப்படுகின்றார். சந்தி பிரித்து, பத்தி வகுத்து, எளிய வசனத்தில் அவர் பதிப்பித்த பாலபாடங்களும் சைவ நூல்களும் ஆசிரியரின் துணையில்லாத வாசகனையும் மனத்திற்கொண்டு அமைந்தவை. ஒரு காற்புள்ளியை இடுவது அலங்காரம் அன்று. இங்கே சிறிது நில் என்று வாசகனுக்குச் சொல்லும் சொல் அது. யான் மாணவனாயிருந்த காலத்தில் நிறுத்தக் குறிகளுக்குப் புள்ளி குறைத்த தமிழாசிரியரை மனத்துக்குள் வைதவன். இன்று அவர் பக்கமே நிற்கின்றேன்.

இன்னும் பொருத்தமான உவமை ஒன்று நம் ஆலயங்களிலேயே உண்டு. ஈழத்துச் சைவர் கந்தபுராணம் படிக்கும் முறையை நினைத்துப் பார்க்க. ஒருவர் பாட்டைப் படிப்பார். மற்றொருவர் பயன் சொல்லுவார். மண்டபத்தின் கடைக்கோடியிற் கண்ணை மூடிக்கொண்டிருக்கும் முதியவருக்கும் எது மூலம், எது உரை என்பதில் ஐயமே எழாது. இராகத்தோடு வருவது மூலம், வசன நடையில் வருவது பயன், குரலும் வேறு. அதே புராணத்தை உரையோடு அச்சிட்ட நூலிலே மூலம் பெரிய எழுத்திலும் உரை சிறிய எழுத்திலும் இருக்கும். பொருள் ஒன்றே, அதனை அறிவிக்கும் வாயில் மாத்திரம் வேறு. மூலம், உரை என்னும் பாகுபாடு முதலில் தோன்றுகின்றது; எழுத்தின் அளவும் குரலின் வேறுபாடும் அதன் பின்னர் வருவன. யான் செய்த பிழை என்னவெனின், பின்னையதை மட்டும் கணினிக்குக் கொடுத்து முன்னையதைக் கொடாமல் விட்டதே.

முன்னையதைக் கொடுப்பது எங்ஙனம்? அச்சுக்கோப்போர் ஈய எழுத்துகளைப் பெட்டியிலிருந்து பொறுக்கிய நாட்களில், கையெழுத்துப் பிரதியின் ஓரத்தில் பதிப்பாசிரியர் இது தலைப்பு, இது மேற்கோள், இது அடிக்குறிப்பு என்று குறியிட்டு அனுப்புவார். கணினி வந்தபோது அந்தக் குறிகளே உள்ளே புகுந்தன. 1969ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்திலே சார்ள்ஸ் கோல்ட்பார்ப் என்பவரும் தோழர் இருவரும் சட்ட ஆவணங்களைக் கணினியில் வைத்தாளும் முயற்சியில் இவ்வகைக் குறிமொழி ஒன்றை வகுத்தனர். எழுத்தின் அளவைக் குறியாது, இப்பகுதி இன்னது என்பதை மட்டும் குறிப்பது அதன் கொள்கை. அதன் வழித்தோன்றல் 1986இல் அனைத்துலகத் தரமாயிற்று. சுவிற்சலாந்தின் சேர்ன் ஆய்வுகூடத்தில் ரிம் பேர்னர்ஸ்-லீ 1989இல் முன்மொழிந்து பின்னர் உருவாக்கிய உலகளாவிய வலைக்கு அவர் தேர்ந்த எச்.ரி.எம்.எல். என்னும் குறிமொழி அந்த மரபிற் பிறந்தது. ஆகவே வலைப்பக்கம் என்பது பிறப்பிலேயே பொருட்குறிகளால் ஆயது. அதனை வெறுஞ் சித்திரமாக்கியது பின்வந்த எம்போன்றோர் கைவேலை.

எச்.ரி.எம்.எல். மொழியிலே தலைப்புக்கு ஆறு நிலைகள் உண்டு. எச்1 முதல் எச்6 வரை. மலரின் பெயர் முதல்நிலை. ஒவ்வொரு கட்டுரையின் தலைப்பும் இரண்டாம் நிலை. கட்டுரைக்குள் வரும் உட்டலைப்பு மூன்றாம் நிலை. பத்திக்கு ஒரு குறி, பட்டியலுக்கு ஒரு குறி, மேற்கோளுக்கு ஒரு குறி. இவற்றை இட்டுவிட்டால் திரைவாசிப்பான் 'தலைப்பு, நிலை இரண்டு' என்று சொல்லியே வாசிக்கும். அதனினும் பெரும்பயன், எச் என்னும் விசையை அழுத்துந்தோறும் அடுத்த தலைப்புக்குத் தாவும். 2 என்னும் விசையை அழுத்தினால் இரண்டாம் நிலைத் தலைப்புகளுக்கு மாத்திரம் தாவும். கண்ணுடையார் தாள்களைப் புரட்டி, மேலோட்டமாகப் பார்த்து, வேண்டியதில் நிற்பர். அவ்வாறு புரட்டும் விரலைக் கண்ணில்லாதவருக்குக் கொடுப்பது இந்தத் தலைப்புக் குறியே. திரைவாசிப்பானைப் பயன்படுத்துவோரிடம் அமெரிக்காவின் 'வெப்எயிம்' அமைப்பினர் அண்மைக்காலத்தில் நடத்திய கணக்கெடுப்புகளிலே, நீண்ட பக்கத்தில் வேண்டியதைத் தேடத் தலைப்புகளையே முதலில் நாடுவதாக மூவரில் இருவருக்குக் குறையாதோர் கூறியிருக்கின்றனர்.

பொன்விழா மலரின் தலைப்புகளுக்கெல்லாம் உரிய குறியிட ஒரு மாலைப்பொழுது போதுமாயிருந்தது. நண்பர் பதினொரு முறை விசையை அழுத்திக் கணித ஆசிரியரைச் சென்றடைந்தார். அன்று இரவு அவர் என்னோடு பேசவில்லை. மறுநாட் காலையிற்றான் பேசினார். கட்டுரையை மூன்றுமுறை கேட்டாராம்.

இத்துடன் கதை முடிந்திருந்தால் இக்கட்டுரைக்கு அவசியம் நேர்ந்திராது. சில நாட்கள் கழித்து நண்பர் ஒரு பழைய தோழரின் பெயரைச் சொல்லி, 'அவனுடைய தொலைபேசி இலக்கம் உன்னிடம் இருக்குதா? பழைய மாணவர் பட்டியலிலே பெயரைக் கேட்டேன். பேசவேண்டும்போல் இருக்குது' என்றார். எனக்குப் பேச்சு எழவில்லை. அத்தோழர் பொன்விழாவுக்கு முன்னரே காலமாகிவிட்டவர். பட்டியலின் கீழே 'சிவப்பு எழுத்தில் உள்ளோர் அமரராயினோர்' என்று ஒரு வரி உண்டு. நண்பர் அந்த வரியையும் கேட்டிருந்தார். எந்தப் பெயர் சிவப்பு என்பதை அவருக்குச் சொல்ல ஒருவருமில்லை. யான் செய்தியைச் சொன்னேன். சிறிது நேரம் கழித்து, 'இன்னும் எத்தனை பேர்?' என்று கேட்டார். பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு முப்பத்தொரு பெயரையும் ஒவ்வொன்றாக வாசித்தேன். எங்கள் வகுப்பில் மாத்திரம் நால்வர்.

நிறத்தை மட்டும் நம்பி ஒரு செய்தியைச் சொல்லலாகாது என்பது வலைப்பக்க அணுகல் நெறிகளில் முதற் படியிலேயே வைக்கப்பெற்ற விதி. உலகளாவிய வலைக் கூட்டமைப்பு அந்நெறிகளை 1999இல் முதன்முறையும், 2008இல் திருத்திய இரண்டாம் பதிப்பாகவும் வெளியிட்டது. 2018இலும் 2023இலும் மேலும் விரித்தது. விதியை யான் வகுப்பிற் படிப்பித்தும் இருக்கின்றேன். வட ஐரோப்பிய வழிவந்த ஆண்களிலே ஏறத்தாழப் பன்னிருவருக்கு ஒருவர் நிறக்குறைபாடு உடையவர், அவர்க்குச் சிவப்பும் பச்சையும் மயங்கும் என்று உதாரணமும் சொல்லியிருக்கின்றேன். ஆனால் கையில் வேலை வந்தபோது சிவப்பு அழகாயிருந்தது. இப்பொழுது அப்பட்டியலில் ஒவ்வொரு பெயரின் முன்னும் 'அமரர்' என்னும் சொல் நிற்கின்றது. சிவப்பையும் நீக்கவில்லை, விரும்புவோர் காண்க. கறுப்பு வெள்ளையாக அச்செடுப்பவரும் இனி ஏமாறார்.

பிழைகளைத் தேடிப் புறப்பட்ட பின்னர் அவை வலையில் மீன்போலக் குவிந்தன. நம் நாட்டு மலர்களில் ஒரு பழக்கம் உண்டு: 'மு ன் னு ரை' என்று எழுத்துக்கெழுத்து வெளிவிட்டுத் தலைப்பை நீட்டுவது. கண்ணுக்கு அது கம்பீரம். கணினிக்கோ அது நான்கு தனிச் சொற்கள். திரைவாசிப்பான் ஒவ்வோரெழுத்தாக விக்கும். தேடுபொறியில் முன்னுரை என்று தேடினாலும் அகப்படாது. எழுத்துகளை இடையகற்றிக் காட்ட விரும்பின், சொல்லைச் சொல்லாகவே எழுதிவிட்டு, அகலத்தை நடைத்தாளில் குறித்தல் வேண்டும். நடைத்தாள் என்பது தோற்றத்துக்குரிய கட்டளைகளைத் தனியே வைக்கும் ஏடு. நோர்வே நாட்டவரான ஹோக்கன் வியும் லீ 1994இல் முன்மொழிந்தது, 1996இல் ஏற்கப்பட்டது. பொருளைப் பக்கத்திலும் கோலத்தை நடைத்தாளிலும் வைத்தால், கோலத்தை எத்தனை முறை மாற்றினாலும் பொருள் கெடாது.

உள்ளடக்கத்திலே தலைப்புக்கும் பக்க எண்ணுக்கும் இடையில் யான் வரிசையாய் இட்ட புள்ளிகளைச் சில அமைப்புகளில் குரல் 'புள்ளி புள்ளி புள்ளி' என்று எண்ணிக்கொண்டே போகும். பத்திகளுக்கிடையே அழகுக்கு இட்ட நட்சத்திரங்களும் அவ்வாறே. 'இங்கே அழுத்துக' என்று பன்னிரண்டு இடங்களில் இணைப்புக் கொடுத்திருந்தேன். இணைப்புகளை மட்டும் வரிசைப்படுத்திக் கேட்டபோது நண்பருக்கு 'இங்கே, இங்கே' என்பதே கேட்டது. எங்கே என்று அவர் கேட்டது நியாயம்.

அட்டவணையிற்றான் மிகவும் இடர்ப்பட்டேன். பரீட்சைப் பெறுபேறுகளையும் விளையாட்டுப் போட்டி முடிவுகளையும் இடைவெளி விசையைத் தட்டித் தட்டி நிரல்களாக நிறுத்தியிருந்தேன். கண்ணுக்கு நிரல் நேராக நின்றது. செவிக்கு ஆண்டு, ஓட்டம், விக்கற், கல்லூரியின் பெயர் எல்லாம் ஒரே மூச்சில் வந்து மோதின. முறையான அட்டவணைக் குறிகளை இட்டு, மேல்வரிசையில் உள்ளவை நிரற்றலைப்புகள் என்றும் அறிவித்தால், கேட்பவர் எந்தக் கட்டத்திற் சென்று நின்றாலும் அது எந்த நிரலுக்குரியது என்று குரல் சொல்லும். இதனைச் செய்து முடித்தபோது ஒரு புதுமை விளைந்தது. பட்டியலைக் கேட்ட நண்பர், ஓராண்டின் துடுப்பாட்டக் கணக்கிலே கூட்டுத்தொகை தவறென்று கண்டுபிடித்தார். அச்சுமலரை நூற்றுக்கணக்கானோர் கண்ணாற் பார்த்தும் ஒருவரும் அதனைச் சொன்னதில்லை.

படங்களைப் பற்றியும் சொல்லவேண்டும். நமது மலர்களிலே உதைபந்தாட்டக் குழுவின் படத்தின் கீழே 'இருப்போர் இடமிருந்து வலமாக', 'நிற்போர் இடமிருந்து வலமாக' என்று பெயர்களை அச்சிடும் வழக்கம் நெடுநாளையது. படத்துக்கு மாற்றுரை எழுதுவது எப்படி என்று மாணவர் கேட்கும்போதெல்லாம் இந்த வழக்கத்தையே காட்டுகின்றேன். எச்.ரி.எம்.எல். மொழியில் ஒவ்வொரு படத்துக்கும் சொற்களால் ஆன மாற்றுரை ஒன்றை இணைக்கலாம். படம் தெரியாதவிடத்து அது வாசிக்கப்படும். பெயர்கள் படத்தின் கீழே ஏற்கனவே இருக்குமாயின் மாற்றுரையில் அவற்றை மீளச் சொல்லவேண்டியதில்லை. படத்தில் வேறென்ன இருக்கின்றது என்பதைச் சொல்லல் வேண்டும். நமது குழுப்படத்துக்கு யான் முதலில் 'உதைபந்தாட்டக் குழு' என்று மாத்திரம் எழுதினேன். நண்பர் அந்தக் குழுவில் ஆடியவர். படத்தில் இரண்டாம் வரிசையில் நிற்பவர். 'எனக்குக் காலணி இருக்கிறதா என்று பார்' என்றார். பார்த்தேன். பதினொருவரில் எழுவர் வெறுங்காலோடு நின்றனர். நண்பரும் அவருள் ஒருவர். மாற்றுரையைத் திருத்தி எழுதினேன். அலங்காரத்துக்கு இடும் கொடிக்கோலம் போன்றவற்றுக்கு மாற்றுரையை வெறுமையாக விடுவதே முறை. இல்லையேல் குரல் கோப்பின் பெயரை உளறும்.

தடித்த எழுத்து, சாய்வெழுத்து என்பவற்றிலும் ஒரு நுட்பம் உளது. அழுத்தந் தோன்றச் சொல்லும் சொல்லுக்கு ஆங்கிலேயர் சாய்வெழுத்தைக் கையாள்வர். தமிழுக்கு அம்மரபு இல்லை. நம் எழுத்தின் வளைவுகளைச் சரித்தால் காற்றில் சாய்ந்த தென்னைபோல் இருக்கும். சிறிய அளவில் வாசிக்கவும் முடியாது. குறிமொழியிலே 'சாய்வு' என்று எழுதாமல் 'அழுத்தம்' என்று எழுதுவதற்குரிய தனிக்குறி உண்டு. அதனை இட்டுவிட்டால் ஆங்கிலப் பக்கத்தில் அது சாய்வாகவும், தமிழ்ப் பக்கத்தில் தடிப்பாகவும் தோன்றும்படி நடைத்தாளில் அமைத்துக்கொள்ளலாம். அந்தந்த எழுத்துக்கு அதனதன் அழகு. ஆனால் அடிக்கோடு இடும் ஆசையை அடக்குதல் வேண்டும். வலையில் அடிக்கோடு இணைப்புக்கு உரியது.

நமது புத்தளக் கரையோரத்துக்குச் சிறப்பாக உரிய ஒன்றையும் குறிப்பிடல் வேண்டும். இங்கே ஒரு சந்தைக்குள் சென்றால் தமிழும் சிங்களமும் அடுத்தடுத்த வாயிலிருந்து வரும். நம் மலரிலும் தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மும்மொழிகளிலும் செய்திகள் உள. கண்ணுடையார் எழுத்தின் உருவத்தைக் கண்டவுடன் மொழியை அறிவர். குரலுக்கோ ஒவ்வொரு பகுதியும் எம்மொழி என்று முன்கூட்டியே அறிவித்தல் வேண்டும். தமிழுக்கு டி-ஏ, சிங்களத்துக்கு எஸ்-ஐ, ஆங்கிலத்துக்கு ஈ-என் என்னும் ஈரெழுத்துக் குறிகள் உண்டு. பகுதி தொடங்குமிடத்தில் அதனை இட்டால் திரைவாசிப்பான் அதற்குரிய குரலுக்கு மாறிக்கொள்ளும். இடாவிட்டால் ஒரு மொழியின் சொற்களை மற்றொரு மொழியின் நாவால் உச்சரிக்க முயலும். அல்லது வாய்மூடிக் கடந்துவிடும்.

இவையெல்லாம் கண்ணிழந்த ஒருவருக்காகச் செய்த சலுகை என்று எண்ணுவோர் இருப்பர். மலர்க்குழுவில் ஓரன்பரும் அவ்வாறு கேட்டார். அவருக்குக் கைத்தொலைபேசியை எடுத்துத் தரச் சொல்லி, எழுத்தை இருமடங்கு பெரிதாக்கி, பழைய பக்கத்தையும் புதிய பக்கத்தையும் திறந்து காட்டினேன். பழையதில் வரிகள் திரைக்கு வெளியே ஓடின. பெயரைப் படிக்க வலப்புறம், இலக்கத்தைப் படிக்க இடப்புறம் என்று தள்ளிக்கொண்டே இருந்தார். புதியதில் வரிகள் தாமே மடிந்து நின்றன. அன்பருக்கு வயது அறுபத்தெட்டு. கண்புரை அறுவை செய்துகொண்டவர். கற்பிட்டிப் பக்கத்திலே அலைவரிசை நலிந்த இடங்களில், படமாக எடுத்து ஏற்றிய பக்கம் திறப்பதற்குள் தேநீர் ஆறிவிடும். எழுத்தாக உள்ள பக்கம் உடனே வரும். கடலுக்குப் போவோருக்கு அனுப்பும் காலநிலை எச்சரிக்கையைப் படமாக வாட்ஸ்அப்பில் அனுப்பும் பழக்கம் எங்கும் பரவியிருக்கின்றது. எழுத்தாக அனுப்பினால் பார்வை குன்றியவர் கேட்கலாம், எழுத்தறியாதவரும் கேட்கலாம், வேண்டின் மற்றொரு மொழிக்கு மாற்றலாம், சென்ற கிழமை வந்ததைத் தேடியும் எடுக்கலாம். படத்தில் இவற்றை எளிதிற் செய்யவியலாது.

சட்டத்தின் பக்கமும் நோக்குக. உடற்குறையுடையோர் உரிமைகளுக்கான பாதுகாப்புச் சட்டம் இலங்கையில் 1996இல் 28ஆம் இலக்கச் சட்டமாக இயற்றப்பட்டது. ஐக்கிய நாடுகளின் சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிசெய்தது. தகவலைப் பெறும் உரிமையும் அச்சமவாயத்துள் அடங்கும். பார்வையற்றோர் படிக்கத்தக்க வடிவில் நூல்களை ஆக்கப் பதிப்புரிமை தடையாகலாகாது என்னும் மரக்கேஷ் உடன்படிக்கையிலும் அதே ஆண்டில் இணைந்தது. இரத்மலானையிலே பார்வையற்றோருக்கும் செவிப்புலனற்றோருக்குமான பாடசாலை 1912இல் தொடங்கப்பெற்றது என்பதை நினைத்தால், நூறாண்டுக்கு மேலாக இந்நாட்டில் விரலாற் படிப்போர் இருக்கின்றனர் என்பது புலனாகும்.

மாணவர்க்கு ஒரு சொல். நீங்கள் ஒப்படைகளைத் தட்டச்சிடும் சொற்செயலியிலும் 'தலைப்பு 1', 'தலைப்பு 2' என்னும் பாணிகள் மேலேயே உள. அவற்றைத் தெரிவு செய்தபின் தோற்றத்தை விரும்பியவாறு மாற்றுங்கள். வெறும் எழுத்தளவைக் கூட்டித் தலைப்பாக்காதீர்கள். உள்ளடக்கப் பக்கத்தைக் கணினி தானே ஆக்கித் தரும்; மின்படிவமாக மாற்றும்போது அக்குறிகளையும் உடன்கொண்டு செல்லவும் முடியும். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே ஒளிவேறுபாடு 4.5க்கு 1 என்னும் விகிதத்திற் குறையலாகாது என்பது நெறி; மங்கிய சாம்பல் நிறத்தில் எழுதி நாகரிகம் என்று மகிழ்வோர் இதனைக் கவனிக்க. முடித்தபின் திரையை அணைத்துவிட்டுத் திரைவாசிப்பானால் உங்கள் பக்கத்தைக் கேட்டுப்பாருங்கள். ஐந்து நிமிடம் போதும். என் வகுப்பில் இதனைச் செய்வித்தபோது, முதல் நாள் சிரித்த பையன் ஒருவன் இரண்டாம் நாள் தன் பக்கம் முழுவதையும் அழித்து மீள எழுதினான். யான் அவனை எதுவும் கேட்கவில்லை.

இந்த வைரவிழா மலரின் மின்படிவத்தை நண்பரே முதலிற் பரிசோதிக்கின்றார். நிருவாகக் குழுவின் தீர்மானம் அது. யான் கேட்டுப் பெற்றது. இக்கட்டுரையின் படியையும் அவருக்கு அனுப்பினேன். கேட்டுவிட்டு, தம்மைப்பற்றி எழுதியது போதும், பெயரைப் போடாதே என்றார். அமரர் பட்டியலில் இவ்வாண்டு சேர்ந்த இரண்டு பெயர்களின் முன் அச்சொல் விடுபட்டிருப்பதையும், விளையாட்டுத்துறை அறிக்கையில் ஓர் உட்டலைப்பு மூன்றாம் நிலைக்குப் பதிலாக நான்காம் நிலையில் இருப்பதையும் சொன்னார். இரண்டையும் நேற்றிரவு திருத்தினேன்.